முருங்கை மரத்தில் ஏழு வேதாளம்

34 வருஷம் நூற்பாலையில் கணக்கு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற மறுவாரம் 500 ரூபாய்க்கு ஒரு பெட்டைக்கோழி வாங்கி, புது நோட்டில் முதல் வரியாகப் பற்று எழுதினேன். பக்கத்தில் ‘முட்டை வரவு’ என்று ஒரு கட்டம் போட்டேன். ‘களவு’ என்றும் ஒரு கட்டம் வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

வீடு ராஜபாளையத்தில். கொல்லைச் சுவருக்கு மேலே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. ஊர்ப் பேரையே தன் பேராக வைத்திருக்கும் நாய் பிறந்த ஊரில் கோழிக்குக் காவல் பஞ்சமா என்று கேட்பீர்கள். அந்த நாய்க்குட்டியின் விலையை விசாரித்தேன். அதைக் காக்க இன்னொரு நாய் வாங்க வேண்டியிருக்கும் என்று பட்டது.

அடை வைத்தோம். 12 முட்டை, 21 நாள், 11 குஞ்சு. ஒன்று கூமுட்டை. அதையும் பற்றில் எழுதினேன்.

முதலில் வந்தது காக்கை. சனிக்கிழமை தவறாமல் நாங்கள் சோறு வைத்துக் கூப்பிடும் அதே காக்கை. முன்னோர் யாராவது அதில் இருக்கக்கூடும் என்பதால் கல்லெடுக்கவும் கை வரவில்லை. இரண்டு குஞ்சு போயிற்று. “உங்க தாத்தாவுக்கு எளங்கறின்னா உசிராச்சே” என்றாள் மனைவி.

மூன்றாவதைப் பிராந்து தூக்கியது. வானத்தில் வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல் என்று கோழிக்கு இரண்டு தனித்தனி எச்சரிக்கைகள் உண்டு. தாய்க்கோழி சரியாகத்தான் கத்தியது. எனக்குத்தான் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டது. மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று தெரியாமல் ஓடி, துளசி மாடத்தில் முழங்காலை இடித்துக்கொண்டேன். பிறகு வேப்பமரத்தில் ஒரு ரெட்டைவால் குருவி கூடு கட்டியதும் ஆகாயத் தொல்லை விட்டது. அது பிராந்தின் முதுகில் கொத்திக் கொத்தியே எல்லை தாண்டி விரட்டும், காக்கையையும் விடாது. என் நோட்டில் சம்பளம் இல்லாத ஒரே காவலாள்.

தரைப்படைக்காகக் கோழிவலை வாங்கிக் கட்டினேன், 1,800 ரூபாய். மூன்றாம் நாள் தெருநாய் வலையைக் கிழித்து உள்ளே வந்தது. அதே கிழிசல் வழியாகக் கோழிகள் வெளியே போயின. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் தராசிலிருந்து கண் எடுக்காமல், “சார், கொசுவலை கொசுவைத் தடுக்கும். கோழிவலை கோழியைத் தடுக்கும். நாயைத் தடுக்கும்னு நான் சொன்னேனா?” என்றார். 34 வருஷம் தணிக்கையாளர்களுக்குப் பதில் சொன்ன எனக்கு இதற்குப் பதில் இல்லை.

கிழிசலைத் தைத்து வைத்தால் கீரி வந்தது, பட்டப்பகலில். நாம் பிள்ளை என்று சேர்த்துச் சொல்லும் உயிர்கள் சில உண்டு: அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை, கீரிப்பிள்ளை. முதல் இரண்டு பிள்ளைகளும் கொய்யாவோடு நிறுத்திக்கொள்கின்றன. கீரி வலையோரம் மண்ணைப் பறித்து நுழைந்து இரண்டு குஞ்சைக் கழுத்தில் கடித்துப் போட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது, சாரைப்பாம்பையும் காக்கிறது. இவர்களிடமிருந்து என் கோழியைக் காக்க அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

சாரையும் வந்துவிட்டது. தாய்க்கோழி மறுபடி முட்டை வைக்கத் தொடங்கிய நேரம். வலைக்கண் வழியாக ஒல்லியாக உள்ளே போய், இரண்டு முட்டையை விழுங்கி, வெளியே வரும்போது பாதியில் சிக்கிக்கொண்டது. வரவில் வைத்த முட்டை கண்ணுக்கெதிரே, ஆனால் எடுக்க முடியாத இடத்தில்! “சாரைதான் நல்லபாம்புக்கு ஆம்பிளை, ஜோடி தேடி வரும்” என்று பக்கத்து வீட்டுக்காரர் பீதி கிளப்பினார். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர் சிரித்தார். இரண்டும் வேறு வேறு இனம், சாரைக்கு விஷமும் கிடையாது என்று சொல்லிவிட்டு, வலையை வெட்டி அதை எடுத்துப் போனார். 1,800 ரூபாய் வலையில் இப்போது பெரிய ஓட்டை.

அதன்பிறகுதான் எனக்குக் கோட்டை கட்டும் வெறி வந்தது. அரை இஞ்ச் கண் வெல்டு மெஷ் 6,400. இரும்புச் சட்டமும் வெல்டிங் கூலியும் 5,500. கீரி பறிக்காதிருக்க ஒரு அடி ஆழத்துக்கு மெஷ்ஷைப் புதைத்துப் பூச இரண்டு மூட்டை சிமெண்ட் 900. இரட்டைத் தாழ்ப்பாள் 250. பழைய வலையையும் சேர்த்தால் 14,850 ரூபாய். நாட்டுக்கோழி முட்டை 15 ரூபாய் என்றால் 990 முட்டைக் காசு. ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முட்டை இட்டால் பதினாறரை வருஷம் ஆகும். அவ்வளவு காலம் கோழி இருக்காது, நானும் உத்தரவாதமில்லை. “ராத்திரி பஞ்சாரத்தைக் கவுத்து மேல அம்மிக்கல்லை வச்சா முடிஞ்சுது” என்றாள் அம்மா. 82 வயது. ஏழு கோழி ஒரு பஞ்சாரத்துக்குள் அடங்காது என்று விளக்கினேன்.

கோட்டைக்குள்ளும் அவை அடங்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே ஏழும் மதில்மேல் ஏறி, அங்கிருந்து முருங்கை மரத்துக்குப் பறந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பதால் பிடிப்பது சுலபம். முருங்கைக் கிளையில் ஏணியைச் சாத்துவதுதான் சிரமம். ஒவ்வொன்றாகத் தோளில் போட்டு இறக்கிக் கோட்டையில் அடைப்பேன். மறுநாள் பழையபடி முருங்கை மரம். விக்கிரமாதித்தனுக்காவது வேதாளம் கதை சொல்லிற்று. இவை சட்டையில் எச்சமிட்டதோடு சரி.

அவற்றையும் குறை சொல்ல முடியாது. எதிரே தெரியும் மலையில் அவற்றின் உறவினரான சாம்பல் காட்டுக்கோழி மரத்தில்தான் தூங்குகிறது. நம் கோழிக்கு மஞ்சள் கால் தந்த மரபணு அந்தக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. காலைக் கொடுத்தவர் கிளையையும் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் மரம் ஏறும் மரநாய் இருக்கிறதே! கள்ளுக் கலயத்திலேயே வாய் வைக்கும் ஜந்து. ஒரு நடுராத்திரி ஓட்டின்மேல் நடக்கும் சத்தம் கேட்டு டார்ச்சோடு மரத்தடியில் விடிய விடிய நின்றேன். காலையில் அம்மா வெற்றிலையை மென்றபடி சொன்னாள்: “தென்னையில எலி ஏறாம தகரம் சுத்துவோம்ல. முருங்கைக்கும் சுத்துப்பா. மரநாய் வழுக்கிருமில்ல. ஓட்டுப் பக்கம் நீளுற கொப்பையும் வெட்டிரு.”

தகரம் 120 ரூபாய். எட்டு மாசமாகிறது, ஏழு கோழியும் இருக்கின்றன.

கோட்டையில் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது. மிச்சம் 12 அடி வெல்டு மெஷ் சுருட்டி வைத்திருக்கிறேன். கீரி நுழையாது, பாம்பு நுழையாது, கோழியும் நுழையாது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், பாதி விலை.