டின் வரட்டும், கொடி வேண்டாம்

கேள்வி: காலியான பால் பவுடர் டின்னில் தேசியக் கொடி வரைந்து, பேனா ஸ்டாண்டாக்கி ஆகஸ்ட் 15-க்கு மேசையை அலங்கரிக்கலாமா?

பதில்: கூடாது. எதையாவது போட்டுவைக்கும் கலமாகக் கொடியைப் பயன்படுத்துவது 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. கொடியைத் தோரணமாகத் தொங்கவிடுவதையும் 2002 கொடி விதித்தொகுப்பு ஏற்பதில்லை.

நிறங்களுக்குத் தடையேதும் இல்லை. காவிக்கு ஒரு டின், வெள்ளைக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று பிரித்து, சக்கரத்தை விட்டுவிட்டால் கொடியின் உருவமே வராது. விளக்காகவும் மாற்றலாம், அதுதான் அழகு! டின்னில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, ஆணியால் துளையிட வேண்டும். உள்ளே ஐஸ் தாங்குவதால் தகரம் நசுங்காது. உருகியபின் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து, வெளிப்புறம் மட்டும் பெயின்ட் அடித்து, உள்ளே ஓர் அகல் வைத்தால் சுவரெங்கும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

பிளாஸ்டிக் கொடி வாங்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே அதற்குத் தடை. பதிலாக, காலி குளிர்பான பாட்டிலின் அடிப்பாகத்தைச் சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் பதித்தால் ஐந்திதழ்ப் பூ விழும், பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.