36 மில்லிசெகண்ட் இலவசம்

கே: சிடியிலிருந்து எடுத்த வேவ் கோப்பு சரியாக 3 நிமிடம். அதை எம்பி3 ஆக்கி, மறுபடி வேவ் ஆக்கினால் கொஞ்சம் நீண்டிருக்கிறது. எம்பி3 என்றாலே வெட்டிக் குறைப்பதுதானே, நீளம் எப்படிக் கூடும்?

ப: எம்பி3 வெட்டுவது, உங்கள் காது கண்டுகொள்ளாது என்று அது நம்புகிற ஒலிகளை. நேரத்தில் அது கை வைப்பதில்லை. வைத்தாலும் கொசுறு போடத்தான்.

சிடி ஒலி விநாடிக்கு 44,100 சாம்பிள். 3 நிமிடத்துக்கு 79,38,000. எம்பி3 இதைச் சில்லறையாக வாங்காது, 1,152 சாம்பிள் கொண்ட ஃப்ரேம் கணக்கில்தான் வாங்கும். பூக்காரம்மாவிடம் ஆறேகால் முழம் கேட்டுப் பாருங்கள், ஏழாகத்தான் வரும். உங்கள் பாட்டில் 6,890 ஃப்ரேம் போக 720 சாம்பிள் மிச்சம். அதற்காக இன்னொரு முழு ஃப்ரேம். அதோடு விட்டதா? லேம் என்கோடர் தலைப்பக்கம் 576 சாம்பிள் மௌனம் சேர்க்கும், வால்பக்கமும் நிரப்பும். மொத்தம் 6,892 ஃப்ரேம். உபரி 1,584 சாம்பிள், அதாவது சுமார் 36 மில்லிசெகண்ட்.

கே: தலைப்பக்கம் எதற்கு மௌனம்? பாட்டு முதல் சாம்பிளிலேயே தொடங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

ப: எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது, ஆனால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் மேல் பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் கூட்டினால்தான் சரியான ஒலி. முதல் துண்டுக்கு முன்னால் யாரும் இல்லையே? அந்த இடத்தில் பூஜ்யங்களை உட்கார வைக்கிறார்கள். டிகோடரின் வடிகட்டியும் தன் பங்குக்கு 529 சாம்பிள் தாமதிக்கும். இரண்டும் சேர்ந்து 1,105. பாட்டு 25 மில்லிசெகண்ட் தள்ளித்தான் தொடங்கும். ஏஏசி இன்னும் தாராளம். ஆப்பிளின் என்கோடர் வழக்கமாக முன்னால் வைப்பது 2,112 சாம்பிள்.

கே: 36 மில்லிசெகண்டை எந்தக் காது கேட்கப் போகிறது?

ப: தனிப் பாட்டின் முடிவில் எந்தக் காதும் கேட்காது. பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழியும் ஆல்பத்தில் என் காதே கேட்கும். 1973-ல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ நல்ல சோதனை. வெளிநாடு வேண்டாமென்றால், ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று டிராக் பிரித்த கச்சேரி சிடி ஒன்றை எம்பி3 ஆக்கிக் கேளுங்கள். பல்லவி முடிந்து மிருதங்கம் எடுக்கிற இடத்தில் கைதட்டலுக்கு நடுவே ஒரு விக்கல். தாளம் போட்டுக்கொண்டிருக்கும் தாத்தா நிமிர்ந்து பார்ப்பார்.

கே: இதற்கு மருந்தே இல்லையா?

ப: உண்டு. 1993-ல் வெளியான எம்பி3 தரநிலையில் அதற்கு இடம் இல்லை, பிறகு ஒட்டுப் போட்டார்கள். ‘முன்னால் இத்தனை, பின்னால் இத்தனை, கழித்துக்கொள்க’ என்ற கணக்கை லேம் முதல் ஃப்ரேமுக்குள் எழுதி வைக்கிறது. தலைக்கு 12 பிட், வாலுக்கு 12 பிட். படிக்கத் தெரிந்த மென்பொருள் கழித்துவிடும், 79,38,000 அப்படியே கிடைக்கும். உங்களுடையது படிக்கவில்லை. பெரிய மனிதர்களும் தாமதம்தான்: ஐபாடில் இடைவெளியில்லாமல் பாட்டு ஓடியது 2006-ல், ஐட்யூன்ஸ் 7 வந்தபோது.

வேடிக்கை என்னவென்றால், சில பழைய டிகோடர்கள் அந்தக் குறிப்பு ஃப்ரேமையும் பாட்டு என்று நினைத்து மௌனமாக வாசித்துவிடும். கழிக்கச் சொன்ன சீட்டே 1,152 சாம்பிள் கூடுதல் பாரம்!

கே: எதையும் வெட்டாத ஃப்ளாக் வடிவத்தில் பாட்டு வைத்திருக்கும் நான் நிம்மதியாகத் தூங்கலாமா?

ப: தூங்கலாம். மொத்தம் எத்தனை சாம்பிள் என்று தலைப்பிலேயே எழுத 36 பிட் இடம் இருக்கிறது. கடைசித் துண்டு குட்டையாக இருந்தால் குட்டையாகவே வைத்துக்கொள்ளும். மூல ஒலியின் எம்டி5 கைரேகையும் உள்ளே இருப்பதால், பிரித்துப் பார்த்து ஒப்பிடலாம்.

ஆனால் அந்த ஃப்ளாக்கை ஆடியோ சிடியில் எழுதப் போனால் ஒரு கண் திறந்திருக்கட்டும். சிடியில் விநாடிக்கு 75 செக்டர், ஒன்றுக்கு 588 சாம்பிள். உங்கள் டிராக் 588-ன் மடங்காக இல்லையென்றால், டிராக் டிராக்காக எழுதும் மென்பொருள் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பும். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் கச்சேரிகளை ஷார்ட்டன் வடிவத்தில் பரிமாறிக்கொண்ட ரசிகர்கள் இதற்காகவே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஷார்ட்டனும் ஒரு பிட் விடாமல் காப்பதுதான். வெட்டிய இடம்தான் வம்பு.

கே: என்னிடமுள்ள எம்பி3 எல்லாவற்றையும் ஃப்ளாக் ஆக்கிவிட்டேன். தரம் கூடியிருக்குமா?

ப: ஹார்ட் டிஸ்க் விற்பவரின் வாழ்க்கைத் தரம் கூடியிருக்கும். மாற்றிய மென்பொருள் உபரியைக் கழிக்காமல் விட்டிருந்தால், அந்த மௌனத்துக்கும் இப்போது எம்டி5 கைரேகையோடு நிரந்தரக் குடியுரிமை.

கே: 3 நிமிடப் பாட்டு, பிளேயரில் 12 நிமிடம் என்று காட்டுகிறது. ஓடினால் 3 நிமிடத்தில் முடிகிறது. பேயா?

ப: சோம்பேறித்தனம். பிட்ரேட் ஏறி இறங்கும் கோப்பு உங்களுடையது. மொத்த ஃப்ரேம் எண்ணிக்கை எழுதிய தலைப்பு அதில் இல்லை. பிளேயர் முதல் ஃப்ரேமை மட்டும் பார்க்கிறது. அங்கே மௌனம், 32 கேபிபிஎஸ். கோப்பின் அளவை அதனால் வகுத்துவிட்டது. உண்மையான சராசரி 128, ஆகவே நாலு மடங்கு. தலைப்பைச் சரிசெய்து தரும் இலவச மென்பொருள்கள் உண்டு.

கே: ஓப்பஸ் ஆக்கினால் சாம்பிள் எண்ணிக்கை ஏழு லட்சம் கூடுகிறதே?

ப: ஓப்பஸ் கணக்கு 48,000-ல். அதே 180 விநாடிக்கு 86,40,000 சாம்பிள். அளவுகோல் மாறியது, துணி அதே.

கே: ஒரு மணி நேரக் கச்சேரி வீடியோ. தொடக்கத்தில் வாயும் பாட்டும் பொருந்துகிறது, போகப் போகப் பாட்டு முந்துகிறது. எம்பி3 தாமதத்தைத்தான் சந்தேகிக்கிறேன்.

ப: அதை விட்டுவிடுங்கள். என்கோடர் தாமதம் முதல் நொடியில் எவ்வளவோ அவ்வளவுதான் கடைசி நொடியிலும், வளராது. வளர்கிறது என்றால் கடிகாரம் வேறு. 44,100-ல் பதிந்ததை 48,000 என்று நினைத்து ஓட்டினால் 60 நிமிடம் 55 நிமிடம் 7.5 விநாடியில் முடிந்துவிடும். அப்படியென்றால் கேட்டே பிடித்துவிடலாம்: ஒரு கட்டையில் பாடியவர் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கட்டைக்கு ஏறியிருப்பார். சுருதி மாறவே இல்லை, ஒரு மணி நேரத்தில் அரை விநாடிதான் முந்துகிறது என்றால் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடியிருக்கின்றன. எடிட்டிங் மென்பொருளில் ஒலியை அந்த அரை விநாடி அளவுக்கு மட்டும் இழுத்துவிடுங்கள், பாடகருக்குத் தெரியாது.