பெட்டியில் மயங்கிய மாப்பிள்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. மரப்பெட்டி, வெல்வெட்டு மெத்தை, தங்க எழுத்துல ஒரு அட்டை. பெட்டி அருமையா இருக்கு. உங்க அத்தை வளையல் போட்டு வெக்க இதுமாதிரி ஒண்ணுதான் கேட்டுக்கிட்டு இருந்தா. அட, உள்ள காசுகூட வெச்சிருக்கானே! யாவாரி தாராளமானவன்தான்.

கோவிச்சுக்காதே. ஜொகூர் பாரு பசார் மாலாம்ல வாங்கினாலும் சரி, போனுல நேரலை பாத்து வாங்கினாலும் சரி, முதல்ல காசைத் தனியா எடுத்துப் படி. எத்தனை ரிங்கிட்னு போட்டிருக்கா? பேங்க் நெகாரா மலேசியா பேரு இருக்கா? ரெண்டும் இல்லேன்னா அது நம்ம நாட்டு ஞாபகார்த்தக் காசு இல்லை, வெறும் பதக்கம். அதுலதான் "24 காரட் முலாம்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். முலாம்ல எவ்வளவு தங்கம் இருக்கும்னு அத்தைகிட்ட கேளு. அடகுக் கடை வாசல்ல பட்டம் வாங்கினவ.

பேங்க் நெகாரா காசுலயும் கண்ணைத் திறந்து பாரு. அட்டையில பொதிஞ்சு வர்ற ஒரு ரிங்கிட் காசு நார்டிக் கோல்டு. பேருல மட்டும்தான் கோல்டு. நூத்துக்கு 89 பங்கு செம்பு, மிச்சம் அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம். தாலிக்கு உருக்கலாம்னு கனவு காணாதே.

1976-ல வனவிலங்குப் பாதுகாப்புக்குன்னு ஒரு வரிசை வந்துச்சு. 15 ரிங்கிட்ல செலாடாங் காட்டெருமை, 25-ல இருவாச்சி, 500 ரிங்கிட் தங்கக் காசுல தெனுக், அதாவது டேபிர். அந்த இருவாச்சி ரெண்டு வகை. சாதா வகை 31.65 கிராம், அதுல பாதிதான் வெள்ளி. கண்ணாடியாட்டம் மின்னுற புரூஃப் வகை 35 கிராம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. கணக்குப் போடு: ஒண்ணுல 16 கிராம் வெள்ளிகூட தேறாது, இன்னொண்ணுல 32-க்கு மேல. பறவை ரெண்டுலயும் ஒரே பறவைதான். சாதாவைப் புரூஃப் பெட்டிக்குள்ள படுக்க வெச்சு விக்கிற கலைஞன் கையில நீ மாட்டினா, நகைக்கடைத் தராசுதான் துணை. அதுக்கு வெல்வெட்டு கண்ணுக்குத் தெரியாது.

அதுக்காகப் பெட்டியைக் குப்பையில போட்டுடாதே. வெளியிட்டவங்களே கொடுத்த பெட்டி, சான்றிதழ், பிரிக்காத அட்டை எல்லாம் சேந்து இருந்தாத்தான் முழு விலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் 2015-ல பொன்விழா நோட்டு போட்டாங்க. நோட்டுல குத்தமில்லை. அதை வெச்சுக் கொடுத்த மடிப்பட்டையில முதல் அதிபர் யூசோப் இஷாக் பேரை "யூசோக்"னு அச்சடிச்சுட்டு, சிங்கப்பூர் நாணய ஆணையம் மன்னிப்புக் கேட்டுச்சு. எழுத்துப்பிழையைப் பாத்தா வாத்தியாருக்குக் கோபம் வரும், சேகரிக்கிறவனுக்கு எச்சில் ஊறும். அதனால உறையையும் ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படி. ஆனா எல்லாத்துக்கும் உறை வேணும்னு இல்லை. பழைய ஜொகூர் சுல்தான்களோட எட்டு மூலைத் தங்கக் காசு எந்தப் பெட்டியில வந்துச்சு?

இன்னொண்ணு. பளபளப்பு குறைஞ்சிருக்குன்னு விபூதி போட்டுத் தேய்க்காதே, புளியும் வேணாம். தேய்ச்ச காசு சேகரிப்பாளருக்குச் செத்த காசு. விளிம்பைப் பிடிச்சுத் தூக்கு. மெத்துனு இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் உறையில வருஷக்கணக்கா வெச்சா, நம்ம ஊரு புழுக்கத்துக்குப் பச்சைப் பசை கசிஞ்சு காசைத் தின்னுடும். பெட்டியில சிலிக்கா பொட்டலம் ஒண்ணு போடு. பிஸ்கட் டின்ல வர்றதே போதும், அதுக்கும் தனியா ஏலம் எடுக்காதே.

விலை தெரியணும்னா, சரண் சிங் எழுதின மலேசியா, சிங்கப்பூர், புருணை நாணயக் களஞ்சியத்தைப் புரட்டி என்ன காசுன்னு கண்டுபிடி. அப்புறம் ஏலத்துல முடிஞ்ச விலையைப் பாரு. கேக்கிற விலையை நம்பாதே. கேக்கிறதுக்கு வாய் போதும், முடியறதுக்குத்தான் காசு வேணும்.

அவ்வளவும் அலுப்பா இருந்தா சுருக்கு வழி ஒண்ணு இருக்கு. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, "அடுத்த மாசம் நீயே இதை எவ்வளவுக்குத் திருப்பி எடுத்துக்குவே?"ன்னு யாவாரிகிட்ட சிரிச்சுக்கிட்டே கேளு. அவன் மூஞ்சி போற போக்கைப் பாத்து விலையைப் பேசு.