தூக்கும் மூடியும்

போன ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்தில் அத்தையின் கொள்ளுப் பேரனுக்குக் காது குத்து. சாப்பிட்டுக் கிளம்பும் நேரம் அத்தை உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கழுத்து வரைக்கும் பால் பாயசம்.

"உன் பொண்டாட்டிக்குப் பிடிக்குமே, எடுத்துட்டுப் போ. தூக்கை மட்டும் மறக்காம திருப்பிக் குடுத்துடுடா கண்ணு."

தூக்கைப் பார்த்தேன். வயிற்றில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: ரா.ச. 10.9.72.

ரா.ச. என்றால் என் அம்மா. 10.9.72 என்றால் அம்மாவின் கல்யாணம். 1991 தீபாவளிக்கு அம்மா இந்தத் தூக்கில் முறுக்கு போட்டு அத்தைக்குக் கொடுத்தனுப்பினார். மூடி மூடாத அளவுக்குக் கோபுரமாக அடுக்கி, மேலே வெள்ளைத் துணியைப் போட்டுக் கட்டி அனுப்பினார். அன்று போன தூக்கு, கும்பகோணத்திலிருந்து மடிப்பாக்கத்துக்கு வீடு மாறி, 33 வருஷம் கழித்து என் கையில் இருக்கிறது. அதை நான் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"சரி அத்தை" என்றேன். வேறு என்ன சொல்ல? "மூடி?" என்று கேட்டேன்.

"அதுக்கு மூடியே கிடையாதுடா. எங்க தொலைஞ்சுதோ" என்று ஒரு பழைய பேப்பரை மடித்து மேலே வைத்து ரப்பர் பேண்ட் போட்டார். மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வருவதற்குள் ஷேர் ஆட்டோ ஏறி இறங்கிய வேகத்தடை ஒவ்வொன்றும் என் பேண்ட்டில் பதிவாகியிருக்கிறது. வழியில் மனைவிக்குப் போன் செய்து "அத்தை தூக்கு குடுத்துட்டாங்க" என்றேன். "யாருக்கு?" என்றாள்.

கோபத்தோடு எழுதுவதாக நினைக்காதீர்கள். இந்தக் கட்டுரை மன்னிப்பதைப் பற்றியது. எங்கள் குடியிருப்பில் போன மாதம் மன அமைதி பற்றிப் பேச ஒருவர் வந்தார். நம்மையும் நம் நெருங்கிய உறவுகளையும் மன்னிக்க மூன்று படிகள் உண்டு என்றார். மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் படி: யார் மேல் வருத்தமோ, அவர் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள்.

இங்கேயே இடிக்கிறது. நாம் பெயரைத் தாளிலா எழுதுகிறோம்? பாத்திரத்தில் அல்லவா வெட்டுகிறோம்! பாத்திரக் கடையில் பில் போட்டதும் "பேர் வெட்டணுமா சார்?" என்பார்கள். வேண்டாம் என்று சொன்ன ஆளை இதுவரை நான் பார்த்ததில்லை. வாசலோரம் ஸ்டூலில் ஒருவர் குட்டி மெஷினோடு உட்கார்ந்திருப்பார். ஸ்விட்சைப் போட்டால் பல் ஆஸ்பத்திரிச் சத்தம். "சரியா சொல்லுங்க, வெட்டிட்டா அழிக்க முடியாது" என்பார். உலகத்தில் இவ்வளவு தெளிவாக எச்சரித்துவிட்டு எந்த வேலையையும் யாரும் செய்வதில்லை. கல்யாணம் பண்ணி வைக்கிறவர்கள்கூட.

அம்மா காலத்தில் மெஷின் ஏது? சின்ன உளி, சின்னச் சுத்தியல், டிக் டிக் டிக். எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. முழுப் பெயர் இருந்தால் வசதியான வீட்டுப் பாத்திரம்; ரா.ச. என்று முடிந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பாத்திரம். எங்கே வெட்டுவது என்பதற்கும் முறை இருக்கிறது. தட்டுக்கு விளிம்பில். குடத்துக்குக் கழுத்தில். டம்ளருக்கு நடுவில், குடிக்கும்போது எதிரில் இருப்பவர் படிக்கிற மாதிரி. கரண்டிக்குக் காம்பில் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் என்பதால் எங்கள் தெருவில் 'ச' கரண்டிகள் நாலு வீட்டுக்குப் பொதுவாக இருந்தன. அந்தச் சண்டைகளைத் தனியாக எழுத வேண்டும்.

வாங்கியவர் பெயர் வெட்டிய பாத்திரம் ஒரு ஜாதி. கொடுத்தவர் பெயர் வெட்டிய பாத்திரம் வேறு ஜாதி. அது உபகாரம் இல்லை, நோட்டீஸ். எங்கள் வீட்டில் இட்லி மாவுப் பாத்திரம் பெரியப்பா கொடுத்தது. பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது. ஆனால் தினம் காலையில் மாவில் பாதி மூழ்கியபடி பெரியப்பா எங்களைப் பார்க்கிறார். மாவு குறையக் குறைய இன்னும் நன்றாகப் பார்க்கிறார். தாத்தா பெயர் போட்ட பித்தளை அண்டா ஒன்று இருந்தது. அதை எடைக்குப் போட்டபோது பெயரோடுதான் தராசில் ஏற்றினார்கள். பெயருக்குத் தனியாக ஒன்றும் தரவில்லை. சித்தப்பா கல்யாணத்துக்கு வந்த குடத்தில் 'மனமக்களுக்கு' என்று இருக்கும். கொடுத்தவரைச் சித்தப்பா மன்னித்துவிட்டார். வெட்டியவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

என் மச்சான் மகன் உலோகவியல் படித்தவன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று ஒரு நாள் விளக்கினான். பாத்திரத்துக்கு ஆகிற நல்ல ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்குமாம். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். கீறல் விழுந்தால், காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு குரோமியம் சேர்ந்து அந்தப் படலம் தானாகவே வளர்ந்துவிடுமாம். யோசித்துப் பாருங்கள். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளத் தெரிந்த ஓர் உலோகம் கைக்குக் கிடைத்தது. கிடைத்ததும் நாம் என்ன செய்தோம்? உளியை வைத்து, ஆறாத ஆழத்துக்கு இனிஷியலும் தேதியும் வெட்டினோம்.

அதுவும் 1972இல் எவர்சில்வர் என்பது சாதாரணச் சாமானா? சேலம் உருக்காலையில் தகடு உருட்ட ஆரம்பித்ததே 1980களின் தொடக்கத்தில்தான். அம்மா சீராகக் கொண்டுவந்தது பித்தளையில் ஒரு மூட்டை. எவர்சில்வரில் மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்று இது. பரணில் வேறு பதினான்கு தூக்குகள் இருந்தும், ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு பிழிந்து முடித்ததும் அம்மா சொல்வார்: "அந்தத் தூக்கு இருந்தா அளவா இருக்கும்."

இரண்டாவது படிக்கு வருகிறேன். அதற்கு முன், கொடுத்த பாத்திரம் ஏன் திரும்பி வருவதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். முறுக்கு வந்த பாத்திரத்தில் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டால் கஞ்சத்தனம். முறுக்கே போட்டால் போட்டி. அதிரசம் போடலாம் என்றால் பாகு பதம் தப்பிவிடும். ஆகவே பாத்திரத்தை அலசி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டு யோசிக்கிறோம். யோசிக்கிற நேரத்தில் சும்மாதானே இருக்கிறது என்று அதில் எதையோ கொட்டி வைக்கிறோம். அத்தை 33 வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார் என்று பெருந்தன்மையாக வைத்துக்கொள்ளலாம். என்னால் முடியவில்லை.

சவுகார்பேட்டையில் பாத்திர மொத்த வியாபாரம் செய்கிற ஜைன நண்பர் ஒருவர் இருக்கிறார். வருஷா வருஷம் பர்யூஷண் முடிகிற சம்வத்சரி அன்று "மிச்சாமி துக்கடம்" என்று செய்தி அனுப்புவார். தெரிந்தோ தெரியாமலோ நான் செய்த தீங்கெல்லாம் பலனில்லாமல் போகட்டும் என்று அர்த்தம். சொந்தக்காரர், சிநேகிதர், வாடிக்கையாளர் எல்லோருக்கும் சொல்வார்கள். அந்த வருஷத்துக் கணக்கு அன்றோடு சரி. நமக்கு மொய் நோட்டு இருக்கிறது. அதில் கணக்கு முடிகிற நாள் கிடையாது, பாக்கி அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போகப்படும்.

நண்பர் செய்வதைப் பார்த்து எனக்கும் மனசு இளகி, போன வருஷம் அதையே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். "துக்கடமா, துக்கடாவா?" என்று சித்தப்பா கேட்டார். தமிழில் எழுதினேன்: நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் எல்லோரும் மன்னிக்கவும். பத்து நிமிஷத்தில் அத்தை மகன் கூப்பிட்டான். "என்னடா பண்ணே?" ஒன்றும் பண்ணவில்லை என்றேன். "பண்ணாம எவனாவது மன்னிப்பு கேப்பானா? ஊர் நிலத்துல ஏதாவது கையெழுத்துப் போட்டியா?" ராத்திரிக்குள் மூன்று பேர் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ரமணா படத்தில் விஜயகாந்த் தமிழிலேயே தனக்குப் பிடிக்காத வார்த்தை மன்னிப்பு என்று சொன்னபோது தியேட்டரில் விழுந்த கைத்தட்டல் அவருக்கானது என்று 2002இல் நினைத்தேன். இல்லை. அது நம் குடும்பங்களின் சார்பில் வந்த கைத்தட்டல். வீட்டுக்குள் யாரும் 'மன்னி' என்று சொல்வதும் இல்லை; 'பொறுத்துக்கோ' என்பதுதான் பேச்சு. நம் மொழியில் பொறு என்றால் தாங்கு, காத்திரு, மன்னி மூன்றும் அடக்கம். நாம் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். வள்ளுவர் பொறையுடைமைக்குப் பத்துக் குறள் ஒதுக்கி, முதலாவதிலேயே நிலத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். நிலத்துக்கு அத்தை கிடையாது.

சரி, பேச்சாளர் சொன்னது நம்மையும் சேர்த்து. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1994இல் எனக்கு 19 வயது. திருச்சியிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு பரீட்சை எழுதப் போனேன். "அப்படியே அத்தை வீட்டுக்குப் போய்த் தூக்கை வாங்கிட்டு வந்துடு. கூச்சப்படாம கேளு" என்றார் அம்மா. போனேன். அத்தை தோசை வார்த்தார். ஜன்னல் மேடையில் தூக்கு இருந்தது, வயிறு நிறையக் கோலமாவோடு. அம்மாவின் சீர்ப் பாத்திரத்தில் கோலமாவு! கேட்க வாயைத் திறந்தேன். நாலாவது தோசை விழுந்தது. கிளம்பும்போது சட்டைப் பையில் இருபது ரூபாய் வைத்தார். இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு தூக்கை எங்கே கேட்பது? அந்தக் காசில் 'காதலன்' பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, "வீடு பூட்டியிருந்ததும்மா" என்றேன்.

அம்மா நம்பிவிட்டார். அதுதான் கோளாறு.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்தில் அம்மா ஆரம்பித்தார்: "பிள்ளை அவ்வளவு தூரம் வந்து, பூட்டின வீட்டைப் பார்த்துட்டுத் திரும்பியிருக்கான்." அத்தை, "ஐயோ அண்ணி, நாலு தோசை சாப்பிட்டானே!" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பந்தலில் கட்டியிருந்த வாழைத்தாரில் எத்தனை சீப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ராத்திரி பஸ்ஸில் அம்மா தீர்ப்பு சொன்னார்: "ஒரு தூக்குக்காக இப்படியா பொய் சொல்வா உங்க அத்தை!" அதற்கப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் "வாங்க", "சாப்பிட்டீங்களா" அளவுதான். 2011இல் அம்மா போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அதிகம் அழுதது அத்தை. நான் அன்றைக்கும் சொல்லவில்லை.

ஆக, அத்தையை மன்னித்துவிடலாம் என்று கிளம்புகிறபோதெல்லாம் நடுவில் நாலு தோசை வந்து நிற்கிறது. என்னை மன்னித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால் இருபது ரூபாய். சரி, 19 வயசுப் பையனுக்குக் கேட்க வாய் வரவில்லை, விடுங்கள். அம்பது வயசானவங்களுக்குத் தோன்ற வேண்டாமா? கோலமாவைக் கொட்டி வைக்க வீட்டில் வேறு டப்பாவே இல்லையா? இதை நான் இப்போதும் விடுவதாக இல்லை.

இதையெல்லாம் ஞாயிறு சாயங்காலம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாயசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள். மாற்றி முடித்து, தூக்கை அலசி, வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைப் படித்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் தயிர்ப் பாத்திரத்தின் மேல் இருந்த மூடியை எடுத்து நீட்டினாள்.

ரா.ச. 10.9.72.

33 வருஷமாக எங்கள் வீட்டுத் தயிரை மூடியிருக்கிறது. நானே எத்தனை ஆயிரம் முறை எடுத்திருப்பேன். பேண்ட்டில் காய்ந்திருந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது.

"பாத்தியா? கண்டபடி போட்டு எடுத்து வாயை நெளிச்சு வெச்சிருக்காங்க" என்றேன்.

"வாய் நல்லாத்தாங்க இருக்கு. மூடிதான் நெளிஞ்சிருக்கு. இதை வெச்சுத்தானே நீங்க இஞ்சி தட்டுவீங்க?"

இஞ்சி தட்டியது உண்மை. அதற்காக மூடிதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? "மேடையில கவுத்து வெச்சா எது ஆடுதோ அதுதான் நெளிஞ்சது. ஒரு நிமிஷ வேலை" என்றாள். இன்றைக்கு வியாழக்கிழமை. இன்னும் கவிழ்த்துப் பார்க்கவில்லை, வேலை இருக்கிறது. மூன்று படிகளைக் குறித்திருந்த தாளைத் தேடினேன். அதன் பின்பக்கம் மளிகைச் சீட்டாகி, உளுந்து வாங்கக் கடைக்குப் போய்விட்டது.

நேற்று அத்தை போன் செய்தார். "என்னடா, தூக்கு என்னாச்சு?"

"அலசித் துடைச்சு அலமாரியில வெச்சிருக்கேன் அத்தை" என்றேன். "எதைப் போட்டுக் குடுக்கிறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."