கோட்டு தைச்சாச்சா பேராண்டி?

டிவியில பாட்டுப் போட்டி நடத்தப் போறியாமே பேராண்டி? ஒங்க ஆத்தா மேலூர் சந்தை வரைக்கும் சொல்லிட்டு வந்துட்டா. கோட்டு தைக்கக் குடுத்தாச்சாம், முடிக்குச் செம்பட்டைச் சாயம் அடிச்சாச்சாம். வேற என்னடா வேணும்? பாட்டா? அது கெடக்குது, மெதுவாப் பாத்துக்கிடலாம்.

இந்தத் தொழில்ல பொழைக்கத் தெரியாத மனுசரு ஒருத்தரைச் சொல்றேன், அவரு வழிக்கு மட்டும் போயிராத. பி.எச்.அப்துல் ஹமீது. கொழும்புக்காரரு, இலங்கை வானொலி அறிவிப்பாளரு.

அந்த வானொலி கதை ஒனக்குத் தெரியாது. 1952-ல டில்லியில கேஸ்கர்னு ஒரு மந்திரி வந்தாரு. சினிமாப் பாட்டுன்னாலே அவருக்கு ஆகாது. நம்ம ரேடியோவுல பாட்டு வத்திப்போச்சு. கொழும்புக்காரன் விடுவானா? கதவைத் தொறந்து விட்டான். அதே வருசந்தான் அமீன் சயானி அங்கிட்டு இந்தியில பினாகா கீத்மாலாவை ஆரம்பிச்சாரு. தேசமே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்துச்சு. பின்னால தமிழ்ப் பக்கம் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம்னு எத்தனை குரலு! உசிலம்பட்டி டீக்கடை பெஞ்சுல குந்துனவனுக்கு மெட்ராசைவிட கொழும்புதான்டா பக்கம்.

அந்தக் கூட்டத்துல தேறுனவரு ஹமீது. 'பாட்டுக்குப் பாட்டு'ன்னு ரேடியோவுல நடத்துன ஆட்டத்தைத்தான், 1993-ல பொறந்த சன் டிவிக்குப் பெறகு கொண்டாந்தாரு. 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு'ன்னு பேரு. ஆட்டம் என்னன்னு கேளு. அவரு ஒரு எழுத்தைச் சொல்லுவாரு, நீ அந்த எழுத்துல பல்லவியைத் தொடங்கணும். அம்புட்டுத்தான். ஆட்டக்காரியும் இல்ல, பொகையும் இல்ல. அதுக்கே கடல் கடந்த தமிழனெல்லாம் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மேடை போட்டான். 2000-ல 'தெனாலி' படத்துல கமல் இலங்கைத் தமிழ் பேசுனாருல்ல, அதுலயும் இவரு தலை காட்டியிருக்காரு.

இம்புட்டும் எப்படின்னா, கோட்டை வச்சு இல்லடா. யாரு எழுதுன பாட்டு, யாரு பாடுனதுங்கிறதை மண்டையிலயே வச்சிருந்தாரு. வந்து நிக்கிற பொடியனுக்கும் மரியாதை. 'ழ'கரத்தை 'ள'கரமா ஆக்க மாட்டாரு. ச்சே, என்ன கஷ்டமான பொழப்பு! ஒனக்கு எதுக்கு அது? நீ வந்தவனைப் பாட விடாம "வாவ்... செம்ம... கை தட்டுங்க கைஸ்"னு கத்து. அவன் பல்லவி எடுக்குறதுக்குள்ள நீ சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு ரெண்டு ஆட்டம் போட்டுரு. அழுகுற பிள்ளைகிட்ட இன்னொரு தடவை அழச் சொல்லு.

தமிழு சுத்தமா வரலையேன்னு மட்டும் கவலைப்படாத. நம்ம சாலமன் பாப்பையா, அமெரிக்கன் காலேஜு வாத்தியாரு, மதுரைப் பேச்சைத் தொடைச்சுப் போட்டுட்டா டிவிக்குப் போனாரு? அதே பேச்சோட பட்டிமன்றம் நடத்தி 2021-ல பத்மஸ்ரீயே வாங்கிட்டாரு. ஆனா அந்தப் பேச்சுக்கு அடியில நெறையப் படிப்பு இருக்கு. அது ஒனக்கு வேணாம், கண்ணு கெட்டுப்போகும்.

டி.எம்.சௌந்தரராஜன் எந்த ஊருன்னு நேத்து கேட்டா "சென்னையா தாத்தா?"ங்குற. 1922-ல இதே மதுரையில பொறந்த மனுசன்டா! இளையராஜா பண்ணைப்புரத்துல பொறந்தப்ப அதுவும் மதுரை ஜில்லாதான். வீட்டு வாசல்ல கெடக்குற சேதி இது. தெரியலைன்னாலும் பரவாயில்ல, காதுக்குள்ள ஒயரு மாட்டி ஒருத்தன் சொல்லிக் குடுப்பானாமே.

சரி, ஒத்திகை பாத்துருவோம். நாந்தான் ஹமீது, நீ போட்டிக்கு வந்தவன். எந்திரிச்சு நில்லு. எழுத்து... 'ழ'. ம், பாடு. ஏன் முழிக்கிற? சினிமாப் பாட்டு ஆயிரக்கணக்குல கெடக்கே, ஒண்ணு கூடவா ஆப்பிடல? நல்லா யோசிடா. நான் அதுக்குள்ள கீழவாசல் போயி ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு வந்துர்றேன்.