தன்னிடம் தானே அனுமதி கேட்டல்: லினக்ஸ் மேசைக் கணினி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒருவர் மட்டுமே புழங்கும் கணினி. அவர் ஒரு மென்பொருளை நிறுவ முனைகிறார். உடனே திரை மங்கி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி எழுகிறது. நிர்வாகி யார்? அவரே. விண்ணப்பதாரர்? அவரும் அவரே. ஒப்புதல் நொடியில் கிடைக்கிறது, கையூட்டும் இல்லை. நிர்வாகவியலார் இதை ஆராயாமல் விட்டது வியப்பே.

2. தோற்றம்

1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகிஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் இவ்வழக்கத்தின் மூலமான சூடோ என்னும் நிரலை எழுதினர். பலர் ஒரே கணினியைப் பகிர்ந்த காலம் அது. ரூட் என்னும் சர்வாதிகாரியின் கடவுச்சொல்லை ஊருக்கே சொல்லாமல், அதிகாரத்தை மட்டும் சிறிது நேரம் இரவல் தரும் ஏற்பாடு. 2004இல் வந்த உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலோ ரூட்டின் கணக்கையே பூட்டிவிட்டு, கணினியை நிறுவியவர் கையில் சூடோவைக் கொடுத்தது. அரசர் அறைக்குள் அடைபட்டார். ஆணைகள் மட்டும் அவர் பெயரிலேயே தொடர்கின்றன.

3. நம்பிக்கையின் ஆயுள்

ஒருமுறை கடவுச்சொல் தந்தவரைச் சூடோ இயல்பாக 5 நிமிடம் நம்பும். உபுண்டுவில் 15 நிமிடம். அதன்பின் அவர் மீண்டும் அந்நியர். கடவுச்சொல்லைத் தட்டச்சிடும்போது பல வழங்கல்களில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை பழுது என்று புதியவர் முடிவுகட்டுவது இதனாலேயே. சூடோவைப் பயன்படுத்த உரிமை பெற்றோர் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம், 'இச்சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்' என எச்சரிப்பது சூடோவின் பழைய வழக்கம். மேலிடம் என்பது ரூட்டின் அஞ்சல்பெட்டி. தனியாள் கணினியில் அதைத் திறப்பார் இலர் என்க.

4. இரு கட்சியார்

வரைகலைத் திரையில் இவ்வழக்குகளை விசாரிப்பது போல்கிட் என்னும் நிரல். விண்ணப்பதாரர் கணினியின் எதிரே இருக்கிறாரா, தொலைவிலா என்பதையும் பார்த்து, விடு, விடாதே, அவர் கடவுச்சொல்லைக் கேள், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேள் என ஒன்றைத் தீர்ப்பாகச் சொல்லும்.

2009 நவம்பரில் ஃபெடோரா 12 என்னும் வழங்கல், எதிரே அமர்ந்திருப்பவர், மின்னணுக் கையொப்பம் பெற்ற மென்பொருள்களைக் கடவுச்சொல் இன்றியே நிறுவலாம் என்றது. கண்டனம் கிளம்பவே சில நாள்களில் பின்வாங்கியது. கேளாமை குற்றம் என்பது இக்கட்சி. லினக்ஸின் கருவைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், 2012இல் ஓப்பன்சூசே என்னும் வழங்கல் மீது சீறினார். பள்ளி அச்சுப்பொறியைச் சேர்க்கக்கூட நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும் என்று மகள் தொலைபேசியில் அழைத்ததே காரணம். கேட்டல் குற்றம் என்பது மறுகட்சி.

5. தடையும் விடையும்

'இத்தனை காவலும் என் நன்மைக்கே அன்றோ?' எனின், அற்று அன்று. உங்கள் குடும்பப் படங்களையும் கடிதங்களையும் அழிக்க எந்தக் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. அவை உங்கள் கோப்புகள். பெட்டி காப்பது, இணையத்தில் மறுபடி இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளத்தையே.

அந்தக் காவலும் முழுமையன்று. போல்கிட்டின் பிகேஎக்ஸெக் நிரலில் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில் வெளிப்பட்டது. 2009 முதலே அங்கிருந்த அதன் வழியே, கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருந்த எவரும் கடவுச்சொல் இன்றி ரூட் ஆகியிருக்கலாம். பன்னிரண்டு ஆண்டுகளாக வாசலில் நின்று கடவுச்சொல் சொல்லிக்கொண்டிருந்தோர் யோக்கியர்கள் மட்டுமே.

6. துணிபு

அச்சுப்பொறி, நேர மண்டலம், வைஃபை ஆகியவற்றை எதிரே அமர்ந்திருப்பவரிடம் விட்டுவிடுக; இயங்குதளம் முழுவதையும் மாற்றும் செயலுக்கு மட்டும் கேட்க. வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டி எழுந்ததும் விரல்களை ஓடவிடாமல், எதற்குக் கேட்கிறது என்ற வரியைப் படியுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத ஒன்றுக்கு ஒப்புதல் கேட்கப்பட்டால் மறுத்துவிடுங்கள். அதிகாரியும் நீங்கள்தானே!