சிஸ்டர், நோயாளியைத் தொடுவீர்களா?

அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை. இதை யாரும் போய் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்நாட்டுத் தொழிலாளர் துறையே ‘ஷெட்யூல் ஏ’ என்றொரு பட்டியலில் நர்ஸ்களை எழுதிவைத்து ஒப்புக்கொண்டிருக்கிறது. மற்ற வேலைக்குக் கிரீன் கார்டு கேட்டால் விளம்பரம் கொடு, உள்ளூரில் ஆள் இல்லையென்று காட்டு என்பார்கள். நர்ஸுக்கு அது வேண்டாம். பசிக்கிறதென்று இலை போட்டு உட்கார்ந்தாயிற்று. சமையல்காரியைத்தான் வாசலில் நிறுத்திவைத்து ஜாதகம் பார்க்கிறார்கள்.

வார்டு நர்ஸுக்கு எச்-1பி என்ற வேலை விசா பெரும்பாலும் கிடையாது. இரண்டு வருடப் படிப்போடும் உரிமம் வாங்கிவிடலாமாம். ஆகவே அது பட்டம் கேட்கும் ‘சிறப்புத் தொழில்’ இல்லையாம். சரி, ஐசியூவில் பதினைந்து வருடம் கால் வீங்க நின்று இன்சார்ஜ் சிஸ்டர் ஆனவர் வருகிறார். மேற்பார்வைப் பதவிக்கு ஆஸ்பத்திரி அவரைக் கேட்கிறது. இப்போது வக்கீலுக்கு வியர்க்கிறது. ‘நோயாளியைக் கவனிப்பார்’ என்று எழுதினால், வெறும் நர்ஸ்தானே, பட்டம் எதற்கு என்று எச்-1பி பக்கத்திலிருந்து கேள்வி வரும். ‘டியூட்டி போடுவார், பட்ஜெட் பார்ப்பார்’ என்று எழுதினால், இவர் மேலாளர் அல்லவா, நர்ஸ் பட்டியலில் எப்படி நுழைந்தார் என்று கிரீன் கார்டு பக்கம் இழுக்கும். ஒரே பெண்மணி, கையுறை போட்டால் ஒரு தொழில், பேனா எடுத்தால் வேறு தொழில். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் அவர் கட்டிலுக்கு ஓடுவதா, பதவி விவரத்தாளைப் புரட்டுவதா? 2025 செப்டம்பரில் இதற்கு மேல் ஒரு அறிவிப்பு: வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பியில் ஆள் எடுத்தால் 1,00,000 டாலர் கட்டு. எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரி கட்டும்?

நம் ஊரில் நான்கு வருடம் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுதியவர் அவர். ஆனாலும் ஆங்கிலம் தெரியும் என்பதற்குத் தனியாக ஒரு பரீட்சை. ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையில் பத்து வேலை நாள் இந்த வேலைக்கான நோட்டீஸ் தொங்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் தொழிலாளர் துறைக்கு எழுதலாம். கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேரிடம் கேட்பதில்லை. 2020-இல் கொரோனாவின்போது நியூயார்க்கில் தினமும் மாலை 7 மணிக்கு ஜன்னலில் நின்று நர்ஸ்களுக்காகக் கைதட்டினார்களே, அத்தனை கைகளில் ஒன்றாவது ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

இதில் உச்சம், அவசரக் கட்டணம். கூடுதலாகப் பணம் கட்டினால் கிரீன் கார்டு மனுவுக்கு 15 வேலை நாளில் பதில் கிடைக்கும். கிடைத்ததும் சிஸ்டர் வரிசையில் போய் நிற்கலாம். கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்பது உச்சவரம்பு. 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் அதே அளவு. சாஃப்ட்வேர்காரர்களும் அதே வரிசையில்தான். 2025 முடியும்போது, 2013-இல் மனுப் போட்ட இந்தியர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பற்றாக்குறையின் அவசரம் அப்படி!

அம்மா மனுப் போட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்த பையனுக்கு இதற்குள் 21 ஆகிவிடும். 21 ஆனால் அவன் ‘குழந்தை’ இல்லை. அம்மாவின் மனுவிலிருந்து கழற்றிவிடுவார்கள். சட்டத்துக்கும் இரக்கம் உண்டு: மனு அதிகாரியின் மேசையில் கிடந்த நாள்களைப் பையனின் வயதில் கழித்துக் கொடுக்கும். சிஸ்டர்தான் அவசரக் கட்டணம் கட்டி வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டாரே. கழிப்பது அந்தச் சில வாரங்களை மட்டும்தான்.